முதலில் உங்கள் கால் கழுவப்படட்டும்

கேள்வி: எனக்கு 41 வயது. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடிப்பழக்கம். கடைசியில் சிகிச்சைக்குப் போய், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவில் சேர்ந்து, கோயிலுக்கும் ஒழுங்காகப் போக ஆரம்பித்தேன். கர்த்தருடைய கிருபையால் ஒன்றரை வருஷமாகத் தொடவில்லை.

விட்ட நாளிலிருந்து, மற்ற குடிகாரர்களை எப்படியாவது மீட்க வேண்டும் என்று மனதில் ஒரு பாரம். கன்வென்ஷன், வாலிபர் கூட்டம், பக்கத்துச் சேகரம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ச் சாட்சி சொல்கிறேன். ஆஸ்பத்திரிகளில் ஜெபிக்கிறேன். இந்த வருஷம் சபைக் கமிட்டிக்கு நிற்கும்படி ஆயர் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கே வந்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

என் மனைவி சத்துணவு அமைப்பாளர். நான் குடித்த காலமெல்லாம் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. போன வாரம் அவள் கேட்டாள்: “அப்ப டாஸ்மாக்ல இருந்து பத்து மணிக்கு வந்தீங்க. இப்ப ஜெபக்கூட்டத்துல இருந்து பத்து மணிக்கு வர்றீங்க. எங்களுக்கு என்ன மாறிச்சு?” ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் என்னோடு கோயிலுக்கு வரவே மறுக்கிறாள். குழுவில் என்னை வழிநடத்தும் பெரியவரோ, “இன்னும் ஒரு வருஷத்துக்கு மேடை வேண்டாம்பா. நாற்காலி போடு, டீ கிளாஸ் கழுவு, போதும்” என்கிறார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. தாலந்தை மண்ணில் புதைத்து வைப்பதா தாழ்மை? குழுவில் ஒவ்வொரு முறையும் ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சபையிலோ, நீ புதுச் சிருஷ்டி, அப்படிச் சொல்லாதே என்கிறார்கள்.

இன்னொன்று. எங்கள் தெருவில் ஒரு அம்மாவின் மகன் காலையில் கண் விழித்ததுமே குடிக்கிறவன். அவனை மூன்று நாள் அறையில் பூட்டி வைத்து உபவாச ஜெபம் செய்யப் போகிறார்களாம். என்னையும் கூப்பிடுகிறார். போகட்டுமா?

— ஒரு சகோதரன், தூத்துக்குடி

பதில்: அன்புள்ள தம்பி, கடைசிக் கேள்வியில் ஓர் உயிர் இருப்பதால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்தப் பையனைப் பூட்டி வைக்க விடாதீர்கள். இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவரின் உடம்பு சாராயத்துக்கு முழுக்கப் பழகிவிட்டது. அதைத் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிந்து, அவர் அலறக்கூடும். ஜெபிக்கிறவர்கள் அதைப் பிசாசு என்று எண்ணிக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். உண்மையில் அது வைத்தியம் கிடைக்காவிட்டால் உயிரையே எடுக்கக்கூடிய நோய்நிலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்கு மருந்தும் கண்காணிப்பும் உண்டு. நடுக்கத்தைப் படிப்படியாக அடக்கும் மாத்திரையோடு, பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். வலிப்பு வந்துவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. அந்த அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை என்று யார் எதைக் கொடுத்தாலும், மகனுக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கக் கூடாது. அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும். உபவாசமும் ஜெபமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கட்டும். கர்த்தர் அங்கேயும் கேட்பார்.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மனைவி கேட்டதைச் சோதனை என்றோ, ஊழியத்துக்குத் தடை என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் குழுவின் வயதேதான் ஆகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், 1934 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் குடியை விட்டார். வெளியே வந்ததும் உங்களைப் போலவே கிளம்பிவிட்டார். கண்ட குடிகாரர்களையெல்லாம் தேடிப் போனார், வீட்டுக்கே கூட்டி வந்தார், தனக்குக் கிடைத்த தரிசனத்தை விவரித்தார். அப்போது குடும்பத்தை ஓட்டியது, ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் வேலை பார்த்த அவர் மனைவி லோயிஸ். ஒரு நாள் கணவர், ‘சீக்கிரம் வா, கூட்டத்துக்கு நேரமாகிறது’ என்று அவசரப்படுத்த, லோயிஸ் கையில் அகப்பட்ட செருப்பை எடுத்து வீசிவிட்டார். தனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவருக்கே திகைப்பு. இத்தனை வருஷம் தான் கண்ணீர் விட்டும் நடக்காத காரியத்தை யாரோ அந்நியர்கள் சில நாளில் நடத்திவிட்டார்கள். குடி போனது சரி, ஆனாலும் கணவர் தன் பக்கம் திரும்பவில்லை. பின்னாளில், 1951-இல், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் லோயிஸும் ஒருவர். உங்கள் பகுதியில் அந்தக் குழு கூடுகிறதா என்று பெரியவரிடம் கேளுங்கள். கூடினால், மனைவி போகும் சாயங்காலங்களில் நீங்கள் வீட்டில் இருந்து சமையலைப் பாருங்கள்.

அந்த முதல் சில மாதங்களில் பில் வில்சன் ஓடியாடிய ஓட்டத்தில் எத்தனை பேர் குடியை விட்டார்கள் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சில்க்வொர்த், பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நோயைப் பற்றிப் பேசச் சொன்னார். பிறகு 1935 மே மாதம், வியாபார விஷயமாக ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகருக்குப் போய், காரியம் கைகூடாமல், கையில் காசும் அதிகம் இல்லாமல் ஓட்டல் வரவேற்பறையில் நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். உள்ளே போனால் முடிந்தது கதை என்று அவருக்குத் தெரிந்தது. அங்கிருந்த சபைகளின் பட்டியலைப் பார்த்து ஒரு குருவானவருக்குத் தொலைபேசியில் பேசினார். தன்னோடு உட்கார்ந்து பேச இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அடுத்த நாள் மே 12, அங்கே அன்னையர் தினம். ஒரு விசுவாசியான பெண்மணியின் வீட்டில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைச் சந்தித்தார். டாக்டர் பாப் இரண்டரை வருஷமாக ஒரு ஜெபக்குழுவில் இருந்தவர். வேதம் வாசித்தார், ஜெபித்தார், குடித்துக்கொண்டும் இருந்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லி வந்தவர் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்.

நியூயார்க்கில் தோற்ற அதே மனிதர் ஏக்ரனில் எப்படி ஜெயித்தார்? நியூயார்க்கில் அவர் இரட்சகராகப் போனார். ஏக்ரனில் தன் உயிருக்குத் துணை தேடிப் போனார். ‘நீங்கள் இல்லாவிட்டால் இன்று நான் குடித்துவிடுவேன்’ என்ற நிலையில் எதிரே வந்து உட்காரும் மனிதனிடம் எந்தக் குடிகாரனும் கூச்சப்பட வேண்டியதில்லை. தம்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நிற்கும்போது உங்கள் மனம் இதில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே பார்க்க வேண்டும். ‘பாவம், இவனைத் தூக்கிவிட வேண்டும்’ என்று தோன்றினால் கொஞ்சம் பயப்படுங்கள். ‘இவன் இடத்தில் நான் படுத்திருந்தேன், நாளைக்கும் படுக்கக்கூடும்’ என்று தோன்றினால் தாராளமாக உட்கார்ந்து பேசுங்கள். கலாத்தியருக்கு எழுதும்போது பவுலும், விழுந்தவனைச் சீர்ப்படுத்தப் போகிறவன் தானும் சோதிக்கப்படாதபடி தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எச்சரிக்கிறார்.

ஆகவே சேவை செய்யாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. உங்களுக்குள் இருக்கும் பாரம் நல்லது. அது இல்லாமல் குடியை விட்டவர்கள் பலர் உள்ளுக்குள் காய்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் குழுவின் பன்னிரண்டு படிகளில் கடைசிப் படி செய்தியை மற்றவருக்குக் கொண்டுபோவதுதான். ஆனால் அது பன்னிரண்டாவது. அதற்கு முன்னால் பதினொன்று இருக்கின்றன. தாழ்மையோடு கடவுளிடம் கேட்பது ஏழாவது. நாம் கெடுத்தவர்களின் பட்டியல் எழுதுவது எட்டாவது. அவர்களிடம் போய்ச் சரிசெய்வது ஒன்பதாவது. பெரியவர் உங்களை டீ கிளாஸிடம் அனுப்பியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவர் செய்தது சரி. கிரேனின் கால்கள் தரையில் நன்றாக ஊன்றும் முன் சுமையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யோவான் 13-ஆம் அதிகாரத்தை நாம் அடிக்கடி வாசிக்கிறோம், பெரிய வியாழனில் பிரசங்கிக்கிறோம். இயேசு இடுப்பில் துணி கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார், நாமும் மற்றவர்களின் கால்களைக் கழுவ வேண்டும் என்று முடித்துவிடுகிறோம். நடுவில் பேதுரு இருக்கிறார். அவர் தன் காலை நீட்டவே மறுத்தார். பார்த்தால் பணிவு போலத் தெரிகிறது, ஆனால் இயேசு அதை ஏற்கவில்லை. கழுவப்படச் சம்மதிக்காதவனுக்குத் தம்மிடத்தில் பங்கில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். மற்றவர்களின் கால்களைக் கழுவும்படி கட்டளையிட்டது அதற்குப் பிறகுதான். குடியிலிருந்து மீண்டுவருகிறவருக்கு மிகவும் கசக்கிற இடம் இது. மற்றவரின் காலைக் கழுவுவதில் ஒரு மேன்மை இருக்கிறது, நாலு பேர் பார்ப்பார்கள். ஆனால் தன் அழுக்குக் காலை இன்னொருவர் மடியில் வைக்க வேண்டுமே! தனக்கு உதவி தேவைப்படுகிறது என்று பெரியவரிடம் வாரந்தோறும் ஒப்புக்கொள்வதும், மனைவி சொல்லும் குறையைப் பதில் பேசாமல் முழுக்கக் கேட்பதும், சம்பளத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுச் செலவுக்கு வாங்கிக்கொள்வதும் கால் நீட்டுவதுதான். ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று சொல்வதையும் அந்த வரிசையில் வையுங்கள்.

அதற்கும் புதுச் சிருஷ்டிக்கும் முரண்பாடு இல்லை. கிறிஸ்துவுக்குள் உங்கள் பாவம் மன்னிக்கப்பட்டது, வாழ்க்கை புதிதானது. நான் அதை முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் உங்கள் மூளையும் ஈரலும் நரம்பும் அந்த வருஷங்களை மறக்கவில்லை. எவ்வளவு காலம் விட்டிருந்தாலும் முதல் கிளாஸ் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது மருத்துவர்களும் குடிநோயாளிகளும் அனுபவத்தில் கண்டது. பவுல் தன்னைப் பாவிகளில் பிரதானமானவன் என்று எழுதியது தமஸ்கு வழியில் விழுந்த அன்று அல்ல. வெகுகாலம் ஊழியம் செய்து முதிர்ந்த பிறகு, தீமோத்தேயுவுக்கு. சபையில் யாராவது மறுபடியும் ‘அப்படிச் சொல்லாதே’ என்றால் வாதாட வேண்டாம். குழுவில் மட்டும் சொல்லுங்கள், அது போதும். திருவிருந்து விஷயத்திலும் ஒரு வார்த்தை. உங்கள் சபையில் கொடுக்கும் திராட்சரசம் புளித்ததா இல்லையா என்று ஆயரிடம் நேரடியாகவே கேளுங்கள். புளித்ததாக இருந்தால் அப்பத்தை மட்டும் வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்பதாம் படி எப்படி இருக்கும் என்பதற்கு டாக்டர் பாப்பையே சொல்லலாம். பில் வில்சனைச் சந்தித்த பிறகும் அவர் ஒரு தடவை விழுந்தார். மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டு வந்தார். 1935 ஜூன் 10 அன்று ஓர் அறுவை சிகிச்சை இருந்தது. கை நடுக்கம் நிற்பதற்காகக் குடித்த பீர்தான் அவர் வாழ்க்கையில் கடைசி. ஆபரேஷன் முடிந்ததும் வீட்டில் எல்லாரும் காத்திருக்க, மனிதரைக் காணவில்லை. இரவுதான் திரும்பினார். அத்தனை நேரமும் ஊருக்குள் ஒவ்வொரு வாசலாக ஏறி, கடன் கொடுத்தவர்களையும் தான் பயந்து ஒளிந்தவர்களையும் பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது இந்த நாளைத்தான்.

அப்படியானால் உங்கள் பட்டியலில் முதல் பெயர் யாருடையது? நீங்கள் மேடையில் சொல்லும் கதையில் ஒருவேளை உங்கள் மனைவி அடி வாங்குகிறார், நகை அடகுக்குப் போகிறது, பிள்ளை பசியோடு தூங்குகிறாள். கேட்கிறவர்கள் அழுகிறார்கள், அல்லேலூயா சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கதை பாதி அவர்களுடையது. அவர்களைக் கேட்டீர்களா? ஒன்பதாம் வகுப்புப் பெண், தோழிகள் உட்கார்ந்திருக்கும் கோயிலில், தன் வீட்டு அவமானத்தை அப்பா ஒலிபெருக்கியில் சொல்வதைக் கேட்டால் எப்படி அந்த வாசலை மிதிப்பாள்? அவள் விசுவாசம் இழந்துவிட்டாள் என்று அவசரப்பட வேண்டாம். அவள் உங்களோடு வரத்தான் மறுக்கிறாள். வீட்டார் சம்மதிக்காத எதையும் இனி மேடையில் சொல்வதில்லை என்று அவளிடம் நேரில் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும்போது வசனம் சேர்க்காதீர்கள், ஜெபத்தில் முடிக்காதீர்கள். அவள் ஒன்றும் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் விட்டுவிடுங்கள்.

இங்கே மனதைக் கொஞ்சம் கோபத்தோடு திறக்கிறேன். நம் சபைகளில் தாழ்மை என்ற பிரசங்கம் பெரும்பாலும் கீழே இருப்பவர்களை நோக்கியே போகிறது. மருமகளுக்கு, வேலைக்காரருக்கு, அடி வாங்கும் மனைவிக்கு, ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு. ஆனால் மேல்வீட்டில் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்தவர் போதகர். யாருக்கு அதிகாரம் இருந்ததோ அவர் குனிந்தார். உங்கள் வீட்டில் அந்த இடம் உங்களுடையது. ‘கர்த்தரே மன்னித்துவிட்டார், நீயும் மன்னி’ என்று மனைவியிடம் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளட்டும்.

தாலந்து உவமையைக் கேட்டிருந்தீர்கள். நாற்காலி போடுவது தாலந்தைப் புதைப்பதாகுமா? ஏக்ரனிலேயே பதில் இருக்கிறது. அங்கே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி இருந்தார். இசை ஆசிரியையாக இருந்து, உடலும் மனமும் சோர்ந்து விழுந்து, அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மேசையில் உட்கார வைக்கப்பட்டவர். உலகக் கணக்கில் அது இறக்கம். 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் ஒரு குடிநோயாளியைச் சேர்க்கக் கேட்டார். மருத்துவமனைகள் அப்படிப்பட்டவர்களை ஏற்காத காலம் அது. இக்னேஷியா அந்த மனிதரை வயிற்று அழற்சி என்று பதிவு செய்து, பூக்களைத் தண்ணீரில் வைத்துப் பராமரிக்கும் சிறிய அறையில் கட்டில் போட்டார். அந்தப் பதிவு மேசையில் உட்கார்ந்திருக்காவிட்டால் அவரால் அதைச் செய்திருக்க முடியாது. அடுத்த பத்து வருஷங்களில் அந்த மருத்துவமனையில் டாக்டர் பாப் சுமார் 5,000 குடிநோயாளிகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். வீட்டுக்குப் போகிறவர்களிடம் இக்னேஷியா ஒரு திரு இருதய வில்லையைக் கொடுத்து, மறுபடி குடிப்பதாக இருந்தால் முதலில் இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடியுங்கள் என்பாராம். டாக்டர் பாப் சாகும் தறுவாயில் நண்பர்கள் பெரிய நினைவுச் சின்னம் கட்ட நினைத்தார்கள். அவர் சம்மதிக்கவில்லை, எல்லாரையும் போலச் சாதாரணக் கல்லறையே போதும் என்றார். 1954-இல் யேல் பல்கலைக்கழகம் தர முன்வந்த கௌரவ டாக்டர் பட்டத்தைப் பில் வில்சனும் மறுத்தார். புகழ் தங்கள் நோய்க்கு ஆகாது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். கைதட்டல் கேட்டுவிட்டு இரவு வீடு திரும்பும்போது, மனம் குடித்த மாதிரியே மிதப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். மறுநாள் காலை வெறுமையும் அதே மாதிரி இருக்கும். அதனால்தான் மேடை வேண்டாம் என்கிறார் பெரியவர்.

கமிட்டி வேண்டாம். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைப் பொறுப்பில் வைத்தால் இறுமாப்பில் விழுவார் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது உங்களைப் போன்றவர்களைக் காப்பதற்காகத்தான். ஆயர் உங்கள் மேல் உள்ள அன்பினால் கேட்டிருப்பார். இந்த வருஷம் இல்லை ஐயா, அசன விருந்தில் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டுமானால் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்த வேண்டாம், ஆனால் தனியாகப் போகாதீர்கள். குழுவில் மூத்த ஒருவரோடு, பகல் நேரத்தில், வாரம் ஒரு தடவை போங்கள்.

முழுநேர ஊழியத்தைப் பற்றி: கதரேனர் நாட்டில் லேகியோன் என்னும் பிசாசுக் கூட்டம் பிடித்திருந்த மனிதன் குணமானதும் இயேசுவோடு படகில் ஏறிக்கொள்ளக் கெஞ்சினான். நம் சுவிசேஷங்களில் எத்தனையோ பேரைத் தம் பின்னே வரும்படி அழைத்தவர், அவனை மட்டும் ஏற்றிக்கொள்ளவில்லை. உன் வீட்டாரிடம் போ என்று அனுப்பினார். அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை காலம் கல்லறைகளில் நிர்வாணமாகக் கத்திக்கொண்டு, சங்கிலியை அறுத்துக்கொண்டு திரிந்தவன் வாசலில் வந்து நிற்கிறான். அவர்கள் கதவைத் திறப்பதற்கே நேரம் ஆகியிருக்கும். பிற்பாடு தெக்கப்போலி நாட்டில் அவன் பேசினான் என்று மாற்கு எழுதுகிறார், ஆக அவன் ஊழியம் ஒன்றும் குறைந்துபோகவில்லை. துறைமுக வேலையை விடாதீர்கள். அந்தச் சம்பளத்துக்கு உங்கள் மனைவி பல வருஷம் காத்திருந்தார். ஊழியத்துக்கு அழைப்பு உண்டா என்ற கேள்வியை அவரிடமே கேளுங்கள். அவர் இப்போது வேண்டாம் என்றால் அதுவே இப்போதைக்கு உங்களுக்குப் பதில். அடுத்த வருஷம் மறுபடி கேட்கலாம்.